வேளாங்கண்ணிக்கு ஒரு வேன்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. ஆடு வாங்கவும் விற்கவும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், சந்தை கலைந்து தூசி அடங்கும் நேரத்தில், எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு கூட்டம் போட்டோம். பிளஸ் ஒன் படிக்கிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் என்று பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பேச வேண்டியது ஒரே விஷயம்தான்: வேளாங்கண்ணிக்குப் போவது.

"இதுவரைக்கும் கடல் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றேன். நான்கு கைகள் உயர்ந்தன. மற்ற பதினைந்து பேரும் கடலை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து எந்தக் கடலும் பக்கம் இல்லை என்பது உண்மைதான். வேளாங்கண்ணிக்கு தர்மபுரி, சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் தூரம் மட்டும் காரணம் என்றால், நம் ஊரிலேயே மற்ற தெருப் பிள்ளைகளும் கடலைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

சந்தேகங்களைப் பலகையில் எழுதச் சொன்னேன். வேன் வாடகை, சாப்பாடு, தங்குமிடம், எத்தனை நாள் என்றுதான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். அவையும் வந்தன. கூடவே இவையும் வந்தன: "லாட்ஜுல எந்தத் தெருன்னு கேட்டா என்ன சொல்றது?" "வண்டியில அண்ணல் படம் இருக்கலாமா, எடுத்துடலாமா?" "எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க, என்ன பண்றது?" "நீச்சல் தெரியாதவங்க தண்ணியில எறங்கலாமா?"

இந்த நான்கு கேள்விகளும் எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் இருக்காது. நான்குக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

"இப்ப கடல் ஒரு கேடா?"

கூட்டம் முடிந்த அன்று இரவே குழுவில் ஒரு மூத்த தோழர் எழுதினார்: "பஞ்சமி நிலம் கிடக்குது, ஸ்காலர்ஷிப் பாக்கி கிடக்குது. இப்ப கடல் பார்க்கிறதா முக்கியம்?" அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. வழக்கு, மனு, கலெக்டர் ஆபீஸ் வாசல் என்று இருபது வருடம் அலைந்தவர். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் நேரம் வேலைக்கும் படிப்புக்கும் போராட்டத்துக்கும் மட்டும்தான், சும்மா இருக்கிற நேரம், சந்தோஷப்படுகிற நேரம் அவர்களுக்கு ஆடம்பரம் என்கிற எண்ணம் அது. ஆண்டைகளும் இதைத்தான் நினைத்தார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தொழிலாளர்கள் அனைவருக்கும் வாழ்க்கைக்குப் போதுமான கூலியும், ஓய்வு நேரத்தை முழுமையாக அனுபவிக்கிற நிலையும், சமூக, பண்பாட்டு வாய்ப்புகளும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. கூலியும் ஓய்வும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவும் ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமை என்றே சொல்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரும் திருத்தம் 1945இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த திருத்தம் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆகக் குறைத்தது. இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தர வேண்டும், ஓய்வு இல்லாமல் பண்பாட்டு வாழ்க்கை இல்லை என்பது அவர் காந்தியத்தை விமர்சித்து எழுதியபோதே சொன்ன வாதம். லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறவன் எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும், அந்த லீவில் அண்ணலின் கையெழுத்தும் இருக்கிறது. அந்த லீவு நமக்கே கிடைக்கவில்லை என்பதுதான் நம் பலகையில் இருந்த ஒரு கேள்வி.

லீவு கேட்டால் வேலை இருக்காது

"எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க" என்று எழுதியவன் இருபத்தொரு வயதுத் தம்பி. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை. விடியற்காலையில் கூட்ரோட்டில் நின்று கம்பெனி பஸ் ஏறுவான். எட்டு மணி நேர வேலையும் போக வர நேரமும் சேர்த்தால் அவனுக்கு ஒரு நாளில் மிஞ்சுவது தூக்கம் மட்டும்தான். இரண்டு நாள் வராவிட்டால் அடுத்த மாதம் பட்டியலில் பெயர் இருக்குமா என்பது ஒப்பந்தக்காரர் கையில்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஒரு ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதியது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரையும் அது தொழிலாளி என்றே கணக்கில் எடுத்தது. காகிதத்தில் இருப்பது கைக்கு வராததற்குக் காரணம், கேட்பதற்குச் சங்கம் இல்லாததுதான். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்ததால்தான் மே நாளுக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. ஓய்வு என்பது கேட்டு வாங்குகிற பொருள்.

எனவே எங்கள் திட்டத்தில் முதல் மாற்றம் இது: கம்பெனித் தம்பி, தங்கைகளின் வார ஓய்வு நாளை வைத்துத்தான் தேதி குறிக்கிறோம். மாணவர்களுக்குக் காலாண்டு விடுமுறை பத்து நாள் இருக்கும், அவர்கள் வளைந்து கொடுக்கலாம். யாருக்கு நேரம் குறைவோ அவர்களிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அந்தத் தம்பி விடுப்புக் கடிதம் எழுதப் போகிறான். முதல் முறையாக எழுத்தில் கேட்கிறான். கிடைக்காமல் போனாலும், இல்லை என்ற பதில் எழுத்தில் வரட்டும்.

மணலில் படுத்த அம்மா

வேளாங்கண்ணி நமக்குப் புதிய ஊர் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 பெரிய தேர், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அந்த நாட்களில் பெங்களூரிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் காவி உடுத்தி நடந்தே போகிறவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் போவதில்லை. இந்துக்கள், முஸ்லிம்கள், சாமியே கும்பிடாதவர்கள் என்று எல்லாரும் போகிறார்கள். என் அம்மாவும் இரண்டு முறை போயிருக்கிறார்.

அம்மா போனதெல்லாம் திருவிழா நேரத்தில்தான். வீட்டிலிருந்தே புளிச்சோறு, முறுக்கு, ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். வழியில் எந்த ஓட்டலிலும் ஏறியதில்லை. ராத்திரி கடற்கரை மணலில் புடவையை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். செலவை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அம்மா சொன்னார்: "காசும்தான். ஆனா ரூமு கேட்டா யாரு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பான். மணலு அதெல்லாம் கேக்காது."

அந்தப் புளிச்சோற்று மூட்டையைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வெளியூர் போகும்போது, எந்த விடுதி அறை தரும், எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்ல ஒரு புத்தகமே இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்கிற தபால்காரர் 1936இல் தொடங்கியது. 'பச்சைப் புத்தகம்' என்பார்கள். முப்பது ஆண்டு வந்தது. அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர்களும் வீட்டிலேயே சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். நம் அம்மாக்களுக்கு அச்சடித்த புத்தகம் இல்லை. எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது, யாரிடம் தண்ணீர் கேட்கலாம் என்பதையெல்லாம் மனதில் வைத்திருந்தார்கள்.

1901இல் அண்ணல் சிறுவனாக இருந்தபோது செய்த பயணமும் இப்படித்தான். அப்பா கோரேகாவில் வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வரச் சொல்லியிருந்தார். புதுச் சட்டை, புதுத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சிறுவர்கள் சத்தாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அப்பாவுக்குத் தகவல் போய்ச் சேராததால் கூட்டிப்போக யாரும் வரவில்லை. கனிவாகப் பேசிக்கொண்டிருந்த நிலைய அதிகாரி, இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற தன்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். படித்துப் பட்டம் பெற்றுத் தலைவராகிவிட்ட பிறகு, 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனபோதும் குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்காகச் சூழ்ந்துகொண்டார்கள். அதுவும் ஒரு சுற்றுலாதான்.

அதனால்தான் நாங்கள் திருவிழா நாட்களில் போவதில்லை என்று முடிவெடுத்தோம். திருவிழாக் கூட்டம் நமக்கு வசதியானது. லட்சக்கணக்கான பேர் நடுவில் யாரும் யாரையும் அடையாளம் கேட்பதில்லை. அம்மா தலைமுறை அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துகொண்டுதான் கடல் பார்த்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர்களுக்கு அந்த வழிதான் இருந்தது. நாங்கள் திருவிழா முடிந்து ஊர் வெறிச்சென்று ஆன பிறகு போகிறோம். வாடகையும் குறையும். மணலில் கொஞ்ச நேரம் படுப்போம், ஆசைக்காக. ராத்திரி தூங்குவது அறையில், நம் பெயரில், நம் முகவரியில்.

ஆதாரில் இருக்கிற தெரு

முகவரி என்றதும் இன்னொரு சிக்கல். விடுதியில் ஆதார் கேட்பார்கள். நம்மில் பலருடைய ஆதாரில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'காலனி' என்று இருக்கிறது. சிலருடையதில் 'ஆதிதிராவிடர் காலனி' என்று முழுசாகவே இருக்கிறது. சாதியைக் கேட்க வேண்டியதே இல்லை, அட்டையைத் திருப்பினால் போதும்.

எனக்கே நடந்திருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு பயிற்சிக்காக வேறொரு கடலோர ஊருக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்தவர் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கினார். பின்பக்கம் படித்தார். உள்ளே போய்விட்டு வந்து, "ரூம் இல்லைங்க, இப்பதான் புக் ஆயிடுச்சு" என்றார். சாவிகள் அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கின. எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சட்டம் படித்தவள்தான், ஆனால் அந்த நிமிடம் வாய் வரவில்லை. நிரூபிக்க முடியுமா என்று அப்போது யோசித்தேன். இப்போது யோசித்தால், குறைந்தபட்சம் எழுத்தில் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் இழிவின் அடையாளமாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சட்டைப்பையில் இருக்கிற அட்டை தானாக மாறாது. சொல் மாறினாலும், அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும்.

படிப்பகத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, காலேஜ் ஐடி கார்டைக் குடுத்துடலாமா? அதுல வெறும் ஊர்ப் பேர்தான் இருக்கு." புத்திசாலித்தனமான யோசனை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று பேசி முடித்தோம். அறை முன்கூட்டியே, எழுத்தில், நம் முகவரியோடு பதிவு செய்யப்படும். உறுதி செய்த தகவலைப் பத்திரமாக வைத்திருப்போம். அங்கே போன பிறகு அறை 'காணாமல் போனால்' காரணத்தை எழுதிக் கேட்போம்.

இதற்குத் தேவையான சட்டம் கையில் இருக்கிறது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொது இடங்களில் சாதி காரணமாகத் தடை கூடாது என்பது அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதை மீறுவதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் பொது நீர்நிலை, படித்துறை, வழிபாட்டிடம், பொழுதுபோக்கு இடம் வரை இன்னும் விரிவாகப் பட்டியல் போடுகிறது. தேசிய உதவி எண் 14566. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வேனில் ஒட்டப் போகிறோம்.

வண்டியில் அண்ணல் படம்

கூட்டத்தில் அதிகம் சூடானது இதுதான். உண்மையைச் சொல்கிறேன், படத்தை எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பெண் பிள்ளைகள் ஏழு பேர் வருகிறார்கள். அவர்களின் அம்மா அப்பா என்னை நம்பி அனுப்புகிறார்கள். 400 கிலோமீட்டரில் எத்தனை ஊர், எத்தனை டீக்கடை, எத்தனை கொடிக்கம்பம்!

சாலையில் நடப்பது நமக்குத் தெரியாததா? 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரம் கடற்கரையில் வன்னியர் சங்கம் சித்திரை முழுநிலவு விழா நடத்தியது. அதற்குப் போன வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தபோது மோதல் வெடித்தது. கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. உயிர்களும் போயின. கடற்கரைக்குக் கூட்டமாகப் போவதை ஒரு சாதியின் பலத்தைக் காட்டுகிற ஊர்வலமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

நான் இப்படிப் பேசி முடித்ததும் பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி எழுந்தான். "அக்கா, லாட்ஜுல அட்ரஸை மறைக்கக் கூடாதுன்னு இப்பதான் சொன்னீங்க. வண்டியில மட்டும் மறைக்கலாமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எதிர்த்துப் பேச ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன்.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு இது. படம் இருக்கும், முன் கண்ணாடியில், வழக்கமான இடத்தில். எல்லா வண்டியிலும் ஏதோ ஒரு சாமி படமோ தலைவர் படமோ இருக்கிறது, நம் வண்டியில் அரசியலமைப்பை எழுதியவர் இருக்கிறார். அதே நேரம் யாருடைய தெருவிலும் பாட்டை அலற விட மாட்டோம், வண்டியை நிறுத்திச் சவால் விட மாட்டோம். பகலில் மட்டும் பயணம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தெரிந்த தோழர் ஒருவரின் எண் கையில் இருக்கும். பெற்றோர்களிடம் படம் இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் சம்மதம் வாங்கப் போகிறேன். இரண்டு பேர் மறுக்கலாம். அதை நான் மதிக்க வேண்டியிருக்கும். துணிச்சல் என்பது நான் மற்றவர் பிள்ளைக்காக எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது.

நீச்சல் தெரியாத தலைமுறை

பத்தொன்பது பேரில் நீந்தத் தெரிந்தவர் ஒரே ஒருவன். மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை? நம் பக்கம் பிள்ளைகள் நீச்சல் பழகுவது விவசாயக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி மாமன் தள்ளிவிடுவார். ஆனால் கிணறு யாருடையது? கிணறு இருக்கிற நிலம் யாருடையது? குதிக்க அனுமதி இல்லாத கிணற்றில் எப்படி நீச்சல் பழகுவது? நீச்சல் தெரியாமல் போனது பயத்தாலோ சோம்பலாலோ வந்ததில்லை, நிலமும் தண்ணீரும் கையில் இல்லாததால் வந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தப் போராட்டம் நம் பிள்ளைகளின் நீச்சல் வரைக்கும் நீள்கிறது.

கடலிலேயே இந்தப் போராட்டம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்ஸி என்று ஒரு கடற்கரை ஊர். வெள்ளையர்களின் கோடைக்கால ஊர். 1959 மே மாதம் கில்பர்ட் மேசன் என்கிற கறுப்பின மருத்துவர், நண்பர்களோடும் குழந்தைகளோடும் அங்கே கடலில் இறங்கினார். போலீஸ் வெளியேற்றியது. 1960 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். வெள்ளையர் கும்பல் இரும்புக் குழாயும் சங்கிலியும் கொண்டு அடித்தது. வழக்கு நடந்து, 1968இல்தான் கடற்கரை எல்லாருக்கும் திறந்தது. அவர்கள் கையில் எடுத்துப் போனது கோஷ அட்டை இல்லை, குளிக்கிற துணி. கடலில் குளிப்பதே அவர்களுக்குப் போராட்டமாக இருந்தது.

நம் மண்ணிலும் ஒரு காட்சி உண்டு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு வட தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் வந்து கூடுவார்கள். மணலில் குடில் போட்டுத் தங்குவார்கள். கன்னியம்மனுக்குப் பூசை வைப்பார்கள். கல்யாணங்கள் அங்கேயே நடக்கும். வருடம் முழுக்க வேறு யாராருக்கோ சொந்தம் போலத் தெரிகிற கடற்கரை அந்த இரவுகளில் அவர்களுடையது. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

எங்கள் விதி எளிது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. மூன்று பேராகக் கைகோத்துத்தான் இறங்க வேண்டும். கரையில் இரண்டு பேர் காவல். காவல் முறை மாறிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்ததும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நீச்சல் பயிற்சிக்கு மனு கொடுப்போம்.

அந்த ஊரை யார் கூட்டுகிறார்கள்?

வேளாங்கண்ணி எல்லாச் சாதியையும் ஏற்கிற இடம் என்பார்கள். வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை, அது உண்மை. ஆனால் அதே திருச்சபையின் கீழ், இதே தமிழ்நாட்டில், செத்த பிறகும் தனிக் கல்லறை என்று இருக்கிற ஊர்கள் உண்டு. கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதிச் சான்று இல்லை என்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்றுவரை சொல்கிறது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். இவர்களை மட்டும் சேர்க்கவில்லை. மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிற தங்கைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். கடற்கரை நிறைய ஆட்கள். அன்று காலை வந்த அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பிணங்களை எடுத்தவர்கள் யார்? மற்ற நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் மக்கள். அதே நாட்களில் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதையும், படகு இல்லாத கூலிக்காரர்கள் நிவாரணப் பட்டியலில் விடுபட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அலை சாதி பார்க்கவில்லை. முகாமில் சோறு போட்ட கை பார்த்தது.

திருவிழா முடிந்த மறுநாள் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முடி காணிக்கை, தேங்காய் ஓடு, பிளாஸ்டிக், மனிதக் கழிவு. அவ்வளவையும் அள்ளுகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் விருந்தாளியாகப் போகிற ஊரில் நம் அத்தையும் மாமாவும் துடைப்பத்தோடு நிற்பார்கள். எனவே தட்டு, டம்ளர் நம்முடையது. ஒரு கவர்கூட மணலில் விழக் கூடாது. அவர்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

முதல் நாள் கடல், மறுநாள் வெண்மணி

அதே மாவட்டத்தில் கீழ்வேளூர் வட்டத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காக, ஒரே குடிசைக்குள் அடைத்து 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அங்கே போக வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு தங்கை முகம் சுளித்தாள். "சந்தோஷமா போற எடத்துல சாவைப் பத்தி எதுக்குக்கா?"

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் தருகிற ஒவ்வொரு சந்தோஷத்திலும் ஒரு பாடத்தைச் சொருகி வைக்கிறோம். அதனால் முதல் நாள் முழுக்கக் கடல் மட்டும்தான். பேச்சு கிடையாது, நோட்டு கிடையாது, முழக்கம் கிடையாது. கால் நனையட்டும், மீன் வறுவல் சாப்பிடட்டும், கத்தட்டும். மறுநாள் காலை, வர விரும்புகிறவர்கள் மட்டும் வெண்மணிக்கு. வராதவர்கள் மறுபடியும் கடலுக்கு. எத்தனை பேர் எந்தப் பக்கம் போவார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் நான் கணக்கு வைக்கப் போவதில்லை.

கூலி கேட்டதற்காக எரிக்கப்பட்டவர்களுக்கு ஒரு நாள் கடற்கரையில் சும்மா உட்கார நேரம் கிடைத்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். கூலி கேட்டது வயிற்றுக்கு மட்டும் இல்லை. மனிதர்களாக ஒரு நாளைக் கழிக்கவும்தான்.

மூத்த தோழருக்கு என் பதில் இதுதான்: பஞ்சமி நில மனுவும் ஸ்காலர்ஷிப் மனுவும் அப்படியே இருக்கின்றன, வந்ததும் தொடர்வோம். இந்தப் பயணமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நீங்களும் வாருங்கள் அண்ணா, வேனில் ஒரு இடம் காலி வைத்திருக்கிறோம்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: உங்கள் ஊரிலும் கடல் பார்க்காதவர்களைக் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு அவர்களின் சந்தேகங்களைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவும் வருகிறேன் என்கிறார். புளிச்சோறு கட்டித்தான் வருவாராம். "கட்டும்மா, ஆனா வழியில ஓட்டல்லயும் ஒரு வேளை உக்காந்து சாப்பிடுறோம்" என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துவிட்டு, "எந்த ஓட்டலு?" என்று கேட்டார்.

"நமக்குப் பிடிச்ச ஓட்டலு" என்றேன்.

ஜெய் பீம்.